நாற்பத்தோரு வாசனைகள்

திங்கட்கிழமை காலை ஹெப்சிபா பல் தேய்க்கத் தொடங்கியதும் வாயெல்லாம் கருவாட்டு நாற்றம் அடித்தது. டியூபைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். எப்போதும் வாங்கும் புதினா பேஸ்ட்தான். துப்பிவிட்டுச் சோப்பை எடுத்தால் அது வறுத்த வேர்க்கடலையாக மணந்தது. துண்டில் முகத்தைப் புதைத்தாள், ஈர நாய். சமையலறையில் அவள் கணவன் தேவசகாயம் தோசை வார்த்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து ஊதுபத்தி மணம் வந்தது.

"தோசைல என்ன போட்டீங்க?"

"மாவு" என்றான் அவன்.

போனில் செய்தி காத்திருந்தது. "உங்கள் மூக்கிலுள்ள 612 வாசனைகளும் பூட்டப்பட்டுவிட்டன. எங்களுக்குப் பணம் வேண்டாம். ஏழு நாட்களுக்குள் இதை இரண்டு பேருக்குக் கொடுங்கள். கொடுத்ததும் சாவி தானாக வரும். கொடுக்காவிட்டால் சாவி அழிந்துவிடும்." அதன் கீழே பச்சை நிறத்தில் ஒரு பொத்தான்: கொடு.

ஹெப்சிபா முக்காலியில் உட்கார்ந்தாள்.

பதினோரு வருடங்களுக்கு முன் மலையெங்கும் பரவிய காய்ச்சலில் குன்னூரில் பாதிப் பேருக்கு வாசனை போய்விட்டது. தேவசகாயம் அப்போது மஸ்கட்டில் இருந்ததால் தப்பித்தான். மற்றவர்கள் வரிசையில் நின்று மூக்குச் சில்லு வைத்துக்கொண்டார்கள். புருவத்துக்கு நடுவே, தோலுக்குள், அரிசி அளவு. மூக்கில் ஏறும் காற்றை அது முகர்ந்து, தன்னிடமுள்ள பட்டியலைப் பார்த்து, மூளைக்குச் சேதி சொல்லும். பலர் அதை வைத்துக்கொண்டு ரசத்தில் பெருங்காயம் போதுமா என்று பார்த்தார்கள். ஹெப்சிபா அதை வைத்துக்கொண்டு வேலையே பார்த்தாள். குன்னூர் தேயிலை ஏலத்துக்கு வரும் தூள்களைச் சுவைத்து, இது இந்த எஸ்டேட், இது இந்த வாரத்துக் கொழுந்து, இது உலர்த்தும்போது கருகியது என்று சொல்லும் டீ டேஸ்டர் அவள். ஒரு காலைக்கு இருநூறு கோப்பைகள். இந்த வாரத்துத் தூள் புதன்கிழமை மேசைக்கு வரும்.

பூட்டு வைரஸைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்தது. அது காற்றில் பரவாது, தானாக ஒட்டாது. பூட்டப்பட்டவர் இன்னொருவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு நிமிடம் நின்று, போனில் அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் போகும். அதனால் யாரிடமிருந்து வந்தாலும் அவர் நெருங்கியவர்தான், தெரிந்தேதான் கொடுத்திருப்பார். ஒரு மாதமாகக் குன்னூரில் யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை. சர்ச்சில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் இரண்டு பெஞ்சு தள்ளி நின்று கையசைத்தார்கள். காதோடு ரகசியம் சொல்ல வந்தவர்களை முழங்கையால் தள்ளினார்கள். புதுமணத் தம்பதிகள் ஒருவர் போனை மற்றவர் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவதாகக் கேள்வி.

"கம்பெனிக்கு போன் பண்ணிப் பாரு" என்றான் தேவசகாயம்.

பண்ணினாள். பழைய சில்லை எடுத்துவிட்டுப் புதியது வைக்கலாம், மூளை அதோடு பழக இரண்டு வருடம் ஆகும் என்று இனிய குரலில் சொன்னார்கள். அலுவலகத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் காது மெஷின், மூக்குச் சில்லு எல்லாம் ரிப்பேர் செய்யும் ஜபருல்லாவிடம் போனாள்.

ஜபருல்லாவுக்கு ஐம்பது வயது. தோள் குலுங்கச் சிரிப்பார். முதலில் அவள் போனுக்கும் சில்லுக்கும் இடையிலிருந்த தொடர்பைத் துண்டித்தார்.

"இனிமே அது வெளியே யார்கூடவும் பேசாது. பொத்தானை அமுக்கினீங்களா?"

"இல்ல பாய்."

"அமுக்கணும்னு தோணுச்சா?"

"ஆபீஸ்ல என் நாற்காலிக்குக் காத்துக்கிட்டு ஒருத்தர் இருக்கார். அவர் மூஞ்சி ரெண்டு தடவை வந்து போச்சு."

ஜபருல்லா தோளைக் குலுக்கினார். "எல்லாருக்கும் ஒரு மூஞ்சி வருது. சரி, பேக்கப் இருக்கா?"

"நாலு வருஷமா போன் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. பிறகு, பிறகுன்னு அமுக்கிட்டேன்."

"அதையும் எல்லாரும் சொல்றாங்க." அவர் அவள் புருவ நடுவில் ஒரு வட்டத் தகட்டை ஒட்டித் திரையைப் பார்த்தார். "ஒரு நல்ல சேதி. ஒரு வாசனையும் அழியல. எல்லாம் உள்ளேதான் இருக்கு. உங்க வீட்டு அலமாரில அறுநூத்துப் பன்னெண்டு டப்பா இருக்குன்னு வைங்க. திருடன் வந்து ஒண்ணையும் தூக்கிட்டுப் போகல. லேபிளை மட்டும் கழட்டி மாத்தி ஒட்டிட்டுப் போயிட்டான். கம்ப்யூட்டரைப் பூட்டிட்டுப் பணம் கேக்கற ரேன்சம்வேர் போடற பூட்டு இரும்புப் பூட்டு. அதை இந்தக் குட்டிச் சில்லு தாங்காது, சூடாயிடும். அதனால மலிவுப் பூட்டு போட்டிருக்கான்."

"அப்ப லேபிளைத் திரும்ப மாத்தி ஒட்டுங்க."

"எது எங்கேன்னு தெரியணுமே. அவன் ஏதோ ஒரு நம்பரை வெச்சுத்தான் மாத்தியிருக்கான். எந்த வாசனை எதுவா மாறியிருக்குன்னு ஒரு நாப்பது ஜோடி எனக்குச் சரியாத் தெரிஞ்சா, மெஷின் அந்த நம்பரைக் கண்டுபிடிச்சிடும்." அவர் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு தாளில் இருபத்து மூன்று பெயர்கள் இருந்தன. "எல்லாரும் பூட்டுல மாட்டினவங்க. எல்லார்கிட்டயும் கேட்டேன். ஒருத்தர் 'ஏதோ கெட்ட வாசனை'ங்கறார். இன்னொருத்தர் 'எங்க மாமியார் வீட்டு வாசனை'ங்கறார். இதை வெச்சு நான் என்ன பண்றது?"

ஹெப்சிபா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சோப்பு, வறுத்த வேர்க்கடலை. தோல் உரிக்காதது. லேசா மணல் வாசனையும் இருக்கு, மணல்ல போட்டு வறுத்தது."

ஜபருல்லா பேனாவைக் கையில் எடுத்தபடி அவளையே பார்த்தார். "நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வர்றீங்களா மேடம்? ஊரைச் சுத்தணும்."

செவ்வாய்க்கிழமை வெயில் நன்றாக அடித்தது. புறப்படுவதற்கு முன் ஜபருல்லா தன் கடை அடுப்பின் குமிழை ஒரு நொடி திருகி மூடினார். "இதுதான் முக்கியம். காஸ் எப்படி இருக்கு?"

"மல்லிகை. கட்டினது இல்ல, உதிரி."

"ஞாபகம் வெச்சுக்குங்க. நெருப்புப் பக்கத்துல மல்லிகை வந்தா ஓடிடணும்."

பிறகு இருவரும் படியிறங்கினார்கள். பெட்ரோல் பங்கில் பால்கோவா மணந்தது. ஹெப்சிபா கண்ணை மூடி இழுத்த இழுப்பில், பெட்ரோல் போட வந்த இருவர் ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்தினார்கள். ரயில் நிலையத்தில் மலை ரயில் புகை கக்கியபடி நின்றது. அந்தப் புகை ஏலக்காய். அவள் இருமிக்கொண்டே இன்னும் இன்னும் என்று என்ஜின் பக்கம் போனாள். ஜபருல்லா பையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. சிம்ஸ் பூங்காவில் ரோஜாச் செடிக்குக் குனிந்தவள் பினாயில் என்று அலறாத குறையாக நிமிர்ந்தாள். மீன் கடையில் ரோஜா கிடைத்தது. ஒரு சங்கரா மீனை எடுத்துக் கன்னத்தருகே வைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து மீன்காரம்மா கேட்டாள்.

"வாங்கறியா, கொஞ்சிட்டுப் போறியா?"

"நாட்டு ரோஜா" என்றாள் ஹெப்சிபா, ஜபருல்லாவிடம். "பன்னீர் இல்ல."

"நாட்டு ரோஜா" என்று அவர் எழுதிக்கொண்டார். மீன்காரம்மா தன் மீனைத் தானே ஒருமுறை முகர்ந்து பார்த்தாள்.

மார்க்கெட் கட்டணக் கழிப்பறைக்குள் போனவள் வெகு நேரமாக வரவில்லை. ஜபருல்லா வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"மேடம், ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"புது நோட்டுப் புத்தகம் பாய். அட்டை போடறதுக்கு முந்தி. இன்னும் ஒரு நிமிஷம்."

வெளியே வந்தபோது அவள் கண்களில் நீர் தளும்பச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜபருல்லாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒன்பது வருடமாக ஒவ்வொரு வாரமும் இருநூறு கோப்பைகளுக்கு முன் முகம் இறுகி நின்றவள் அவள். ஒரு மணத்தில் தவறினால் ஒரு எஸ்டேட்டின் ஒரு வாரத்து உழைப்பு போய்விடும். இன்றைக்கு எதுவும் சரியில்லை. யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. வெங்காய மூட்டையில் மழை விழுந்த மண் மணந்தது. வாழைப்பழத்தில் பள்ளிக்கூடத்து மை. எதிரே வந்த போலீஸ்காரரைக் கடந்தபோது திரும்பிப் பார்த்து, "தேங்காய் பர்பி" என்றாள். அந்த வேர்வையைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஜபருல்லா கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார்.

பதினொன்றரை மணிக்கு முப்பத்தெட்டு ஜோடிகள் ஆகியிருந்தன. அடுக்கடுக்காகப் பொரியும் வர்க்கி ரொட்டி விற்கும் பேக்கரிக்கு வந்தார்கள். புளித்த மாவையும் வெண்ணெயையும் முகர வேண்டும் என்று சொல்லி ஹெப்சிபா பின்கட்டுக்குப் போனாள். ஜபருல்லா தெருவில் நின்று குறிப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு அவளை உள்ளே அழைத்துப்போனார்.

"கொஞ்சம் இருங்க. அடுப்பு அணைஞ்சிருக்கு. பத்த வெச்சிட்டு மாவைக் காட்டறேன்."

அந்த அறை முழுக்க மல்லிகை மணந்தது. ஹெப்சிபா ஒரு கணம் அதை ரசித்தாள். கல்யாண வீட்டில் கூடை கூடையாகக் கொட்டிவைத்த மாதிரி. பிறகு சுற்றிலும் பார்த்தாள். பூ எதுவும் இல்லை. பேக்கரிக்காரரின் கை லைட்டரை எடுத்துவிட்டது.

அவள் பாய்ந்து அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்தாள். "பத்த வைக்காதீங்க. காஸ். கதவைத் திறங்க."

"காஸா? எனக்கு ஒண்ணும் வரலையே. பன் வாசனைதான் வருது."

"பன் எங்க இருக்கு?"

அவர் தட்டுகளைப் பார்த்தார். எல்லாம் காலி. லைட்டர் அவர் கையிலிருந்து மாவுத் தொட்டிக்குள் விழுந்தது. இருவரும் சன்னலையும் கதவையும் திறந்து, சிலிண்டரை மூடிவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். வாசலிலிருந்த ஜபருல்லா தன் சொந்த மூக்கால் ஒருமுறை முகர்ந்துவிட்டு அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். ரப்பர் குழாயில் விரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்தது.

பேக்கரிக்காரர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து நாளாகத் தானும் பூட்டில் மாட்டியிருப்பதாகச் சொன்னார். மூக்கு இல்லாதவன் சுட்ட ரொட்டியை யார் வாங்குவார்கள் என்று மறைத்து வைத்திருக்கிறார்.

"யாருக்காவது கொடுத்தீங்களா?" என்று ஹெப்சிபா கேட்டாள்.

"கல்லாவுல நிக்கறவன் நான். யாராவது குனிஞ்சு ஊர்க்கதை பேசறப்போ அமுக்கியிருந்தா முடிஞ்சிருக்கும். மனசு வரல. வர்றவங்க எல்லாம் நம்ம ரொட்டி சாப்பிடறவங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப உங்களுக்கு என்ன வேணும், மாவா? எவ்வளவு வேணும்னாலும் மோந்துக்குங்க."

அறை காற்றாடியதும் அவள் போய் முகர்ந்தாள். புளித்த மாவு, வெண்ணெய், கருகிய சர்க்கரை. நாற்பத்தொன்று ஆயிற்று.

மாடிக் கடையில் ஜபருல்லா எல்லாவற்றையும் மெஷினில் ஏற்றினார். பேக்கரிக்காரர் கொடுத்தனுப்பிய வர்க்கியை இருவரும் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். ஹெப்சிபாவுக்கு அது கற்பூரமாக மணந்தாலும் விடாமல் தின்றாள். மூன்றாவது வர்க்கி முடிவதற்குள் ஒரு நீண்ட எண் வந்தது. ஜபருல்லா அதைப் பார்த்தார். அவளுடைய சில்லின் வரிசை எண்ணையும் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளித் தோள் குலுங்கத் தொடங்கினார்.

"என்ன பாய்?"

"உங்க சில்லு நம்பரையே தலைகீழா எழுதி வெச்சிருக்கான். யோசிக்கக்கூட சோம்பல்பட்டிருக்கான் பாவி. இதே மாதிரிதான் எல்லாருக்கும் பண்ணியிருப்பான். இனிமே யாரும் ஊரைச் சுத்தி மோந்து பார்க்க வேண்டாம். சில்லு நம்பரைச் சொன்னா போதும், திறந்துடலாம்."

உடனே திறந்துவிடவில்லை. முதலில் சில்லுக்குள் ஒளிந்திருந்த வைரஸைத் துடைத்தார். அது உள்ளே இருக்கும்போது லேபிளை மாற்றினால் மறுபடி கலைத்துவிடும் என்றார். பிறகு எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் சரிசெய்து பார்த்து, அதன்பிறகுதான் அவளுடைய சில்லில் ஏற்றினார். கீழே கடையிலிருந்து ஒரு டீ வரவழைத்து அவள் முன்னால் வைத்தார்.

ஹெப்சிபா டம்ளரை மூக்கருகே கொண்டுபோனாள். தொழில் பழக்கத்தில் சர்ரென்று உறிஞ்சினாள். அவள் முகம் இறுகியது. ஜபருல்லாவின் முகமும் இறுகியது.

"டஸ்ட் தூள். போன வருஷத்துச் சரக்கு" என்றாள். "முந்திரித் தோல் கலந்திருக்கான். பத்துக்கு ரெண்டு பங்கு."

"நான் ஆறு வருஷமா இதைத்தான் குடிக்கறேன்."

"அதான் சொல்றேன்."

ஜபருல்லா டீயைச் சன்னலுக்கு வெளியே கொட்டினார். பிறகு சுவரிலிருந்த தாளை எடுத்து, ஒவ்வொரு பெயராக போன் செய்யத் தொடங்கினார். ஒவ்வொரு முறையும் "கிடைச்சிடுச்சு, வாங்க" என்றார். மூன்று மணிக்குள் மாடிப்படி நிறைய ஆட்கள். உள்ளே போனவர்கள் தங்கள் சட்டையையும் செருப்பையும் முகர்ந்தபடி வெளியே வந்தார்கள். பேக்கரிக்காரர் தன் உள்ளங்கையை முகர்ந்துகொண்டே படியிறங்கிப் போனார்.

கூட்டம் குறைந்தபோது ஜபருல்லா அவளைக் கூப்பிட்டுத் திரையில் ஒரு வரியைக் காட்டினார். "துடைக்கறப்போ இது கிடைச்சுது. உங்களுக்கு யார்கிட்டயிருந்து வந்ததுன்னு பேர் இல்ல. நேரம் இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பன்னெண்டு. உள்ளே போய் ரெண்டு நாள் சத்தமில்லாம வேலை செஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கணும்னா தெரிஞ்சுக்குங்க."

ஹெப்சிபாவுக்கு யோசிக்கத் தேவையிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அலுவலகப் படிக்கட்டில் செண்பகவல்லி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாம்பிள் அறையில் கோப்பைகளை அடுக்கித் தூளை நிறுத்துவைக்கும் பெண். பேறுகால விடுப்பிலிருந்து சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னாள். ஒரு மாதமாக யாரும் யாரையும் தொடாத ஊரில் அந்த அணைப்பு இதமாக இருந்தது. முதுகைத் தட்டிக்கொடுத்தாள் ஹெப்சிபா. விட்டுவிடாமல் தானே இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

காலையிலிருந்து இருந்த சிரிப்பெல்லாம் எங்கோ இறங்கிவிட்டது.

வெலிங்டன் போகும் வழியில் இரண்டு முதியவர்கள் மாடியேற முடியாமல் வீட்டிலேயே காத்திருந்தார்கள். அவர்களுக்காக ஜபருல்லா ஒரு கைக்கருவியைக் கொடுத்தனுப்பினார். இரண்டு வீட்டையும் முடித்துவிட்டு, ஐந்து மணிக்கு ஹெப்சிபா செண்பகவல்லி வீட்டுக் கதவைத் தட்டினாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள்.

கதவைத் திறந்தவள் மூக்கை இறுக்கி ஒரு துப்பட்டாவைக் கட்டியிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. உள்ளே தொட்டிலில் ஒரு குழந்தை கரகரத்த குரலில் அழுதது. ஹெப்சிபா வழியில் சொல்லிப் பார்த்ததை விட்டுவிட்டாள்.

"உனக்குத்தான் சாவி வந்திருக்கணுமே" என்றாள். "ரெண்டாவது யாரு?"

"யாருமில்லக்கா."

"பொய் சொல்லாத."

"உங்களுக்குக் கொடுத்துட்டுக் கீழே இறங்கினேன். வாட்ச்மேன் அண்ணன் குழந்தை போட்டோ காட்டுன்னு கிட்ட வந்து நின்னார். விரல் பொத்தான்மேலதான் இருந்துச்சு. அமுக்க முடியல."

"என்கிட்ட மட்டும் முடிஞ்சுதா?"

"உங்ககிட்ட அமுக்கினதாலதான் அவர்கிட்ட முடியல." செண்பகவல்லி சுவரில் சாய்ந்தாள். "அதுக்கப்புறம் நீங்க முதுகைத் தட்டினதே நெனப்பா இருந்துச்சுக்கா."

"எதுக்குடி செஞ்ச?"

"இவன்கிட்ட டயர் எரியற வாசனை வருது. தலை, கை, வாய் எல்லாம். பால் கொடுக்கத் தூக்கினா குமட்டுது. ரெண்டு தடவை இவன் மேலயே வாந்தி எடுத்துட்டேன். இப்ப என் மூஞ்சியைப் பார்த்தாலே அழறான். உங்களுக்குப் பெரிய ஆபீஸ், பெரிய டாக்டர் எல்லாம் இருக்கு, எப்படியாவது சரியாக்கிக்குவீங்கன்னு நெனச்சேன். நாளைக்குக் காலைல எனக்கு ஏழு நாள் முடியுது."

ஹெப்சிபா தொட்டிலைப் பார்த்தாள். "நாளைக்கு இருநூறு கோப்பை என் முன்னாடி இருக்கும்னு உனக்குத் தெரியும். அடுக்கி வைக்கறவளே நீதான். நான் நேத்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து வேற என்ன வேலை தெரியும் எனக்குன்னு யோசிச்சேன்."

செண்பகவல்லி துப்பட்டா முனையால் கண்ணைத் துடைத்தாள்.

"துணியைக் கழட்டு. உட்காரு. சில்லு நம்பர் என்ன?"

ஹெப்சிபா கருவியை அவள் புருவ நடுவில் ஒட்டினாள். எண்ணைத் தலைகீழாக அடித்தாள். துடைத்து, நகலெடுத்து, ஏற்றி முடிக்க நாலு நிமிடம் ஆயிற்று. குழந்தை அழுது களைத்து விக்கியது. விளக்கு பச்சையானதும் ஹெப்சிபா தொட்டிலைக் காட்டினாள்.

செண்பகவல்லி பயந்து பயந்து குனிந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு குழந்தையைத் தூக்கினாள். அதன் உச்சியில் மூக்கை வைத்து, மெல்ல இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். கழுத்தை முகர்ந்தாள், காதுக்குப் பின்னால், உள்ளங்கையை, மறுபடி உச்சியை. ஒரு மாதிரியான சத்தம் அவளிடமிருந்து வந்தது. சிரிப்பா அழுகையா என்று ஹெப்சிபாவுக்குத் தெரியவில்லை. குழந்தை அழுவதை நிறுத்திவிட்டு அம்மாவின் மூக்கைப் பிடித்தது.

திடீரென்று செண்பகவல்லி முகத்தைச் சுளித்தாள். குழந்தையின் இடுப்புப் பக்கம் முகர்ந்தாள்.

"அக்கா" என்றாள். "கக்கா போயிருக்கான். நாறுது."

"எப்படி நாறுது?"

"கக்கா மாதிரியேக்கா. கக்கா மாதிரியே நாறுது."

இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். நிறுத்த முடியவில்லை. ஹெப்சிபா கொடியிலிருந்து ஒரு துணியை உருவி, "கொடு, நான் மாத்தறேன். நீ கையைக் கழுவிட்டு வா" என்று கை நீட்டினாள்.

"விடுங்க" என்று செண்பகவல்லி குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "நானே மாத்தறேன்."